கண்ட்ரோலரைத் திணறடித்தது யார்?

சின்னமனூர் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம். "சொட்டுநீர் கண்ட்ரோலர் அடிக்கடி நின்னுபோகுது, கொடியெல்லாம் வாடுது"ன்னு தோட்டக்கார அக்கா போன் பண்ணாக. அதை மாட்டிக் கொடுத்த கம்பெனி ஆளு நான்தான், காலையிலேயே போயிட்டேன்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தா மெமரி, பிராசசர் ரெண்டும் நிறைஞ்சு கிடக்கு.

யார் தின்னதுன்னு தேடினா, எதுக்கும் இருக்கட்டும்னு போன வாரம் நானே போட்டுவிட்ட புரோகிராம். மெமரி எவ்வளவு, பிராசசர் எவ்வளவுன்னு நொடிக்கு நொடி பார்த்து எழுதி வைக்கிறதுதான் அதோட வேலை.

வெட்கத்தை விட்டு அக்காகிட்ட சொன்னேன்.

"கவாத்து வெட்டுற ஆளுக தலைக்கு மேலயே நான் நின்னா ஒரு கொடியாவது முடியுமா தம்பி? ஒரு மணிக்கு ஒருக்கா அங்கன போய் எட்டிப் பாத்துட்டு வந்துருவேன்"னாக.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தினேன். தண்ணி ஒழுங்கா ஓடுது.

இதை எழுதி முடிக்கிறதுக்குள்ள எங்க மேனேஜர் நாலு போன், "வேலை எதுவரைக்கும்?"னு.

அவரும் இங்க பேஸ்புக்ல நண்பர்தான். நான் டேக் பண்ண மாட்டேன். நீங்க யாராச்சும் பண்ணுங்க.