கொழுந்தனார் கேட்ட பெண்

என் கொழுந்தனாருக்குப் பெண் தேடத் தொடங்கியபோது, எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்று அவரிடமே கேட்டோம். செல்போனை நீட்டினார். அதில் ஜப்பானியப் பொம்மைப்படமான அனிமே ஒன்றின் இளவரசி, இடுப்புவரை வெள்ளி முடியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மாதிரி குணமுங்க அண்ணி. முடி கறுப்பா இருந்தாலும் பரவாயில்ல."

பனியன்களின் நெஞ்சில் அச்சிடும் படங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் இந்த அனிமேதான். நானும் மாமியாரும் கூடவே உட்கார்ந்து பார்த்தோம். இளவரசியை ஒரு வீரன் காதலிப்பான். யாராவது அவளைக் கொன்றுவிடுவார்கள். உடனே காலம் பின்னால் போய், அதே நாள் காலையில் அவள் கண்விழிப்பாள். செத்தது முழுக்க நினைவிருக்கும், ஆனால் கோபமே வராது. விஷம் வைத்த சித்திக்குத் தலைவலி என்றால் இவள்தான் பற்றுப் போட்டுவிடுவாள். வாள் வீசுவாள், ரொட்டி சுடுவாள், அடிபட்ட டிராகனுக்குக் கட்டுப் போடுவாள். தீயில் விழுந்தாலும் முடி கலையாது.

மாமியாருக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. சரக்கு ஏற்றி அனுப்பும் ஷிப்மெண்ட் நாளில் நான் பனியன் கம்பெனியிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்தால் போதும்.

"அந்தப் புள்ள செத்துப் பொழச்சு வந்தும் மூஞ்சியச் சுளிக்குதா பாரு கண்ணு."

"அவளுக்கு மறுநாள்னு ஒண்ணு வர்றதே இல்லீங்கத்தை. எனக்கு நாளைக்குச் சரக்கப் பாக்கப் பையர் வர்றாருங்க."

பெண் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம் எங்களைத்தான் வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குச் சொந்தக் கம்பெனி இல்லை என்றார்கள், இன்னொரு வீட்டில் தோட்டம் இல்லை என்றார்கள். மாமியார் கிருத்திகை தவறாமல் விரதம் இருந்தார். கடைசியில் ஊத்துக்குளியில் ஒரு வீட்டில் வரச் சொன்னார்கள். பெண் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்.

காபி வந்ததும், "ரெண்டு பேரும் பேசிக்கட்டுங்க" என்றார் அவளுடைய அப்பா. முன்னறையின் ஓரமாக இருவரையும் உட்கார வைத்து, துணைக்கு என்னையும் வைத்தார்கள். கொழுந்தனாருக்கு வேறு பேச்சே வரவில்லை, நேராக அந்த அனிமேயைக் கேட்டுவிட்டார்.

"அதா? பூராவும் பாத்துட்டனுங்க" என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கல்யாண மண்டபமே தெரிந்தது.

"இளவரசியப் புடிச்சுதுங்களா?"

"அவளப் பாத்தாலே எரிச்சலுங்க. கத்தியில குத்துனவங்கிட்டப் போயி கை வலிக்குதான்னு கேக்கறா. எனக்கு அந்த டிராகனத்தான் புடிச்சுது. பசிச்சாக் கத்துது, வலிச்சாக் கடிக்குது."

"அவளுக்குப் பொறுமை ஜாஸ்திங்க."

"சரி, அந்த வீரன எடுத்துக்குங்க. ஒவ்வொருக்காவும் அவ செத்ததுக்கப்புறந்தான் ஓடியாந்து அழுவறான். ஒருக்காவாச்சும் முந்தி வந்தானுங்களா?"

நான் சிரித்த சிரிப்பில் காபி பட்டுப்புடவையில் கொட்டிவிட்டது.

திரும்பும்போது காரில் கொழுந்தனார் முடிவாகச் சொன்னார். "ஒத்து வராதுங்கண்ணி. அவங்களுக்குக் கதையே புரியல."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "நம்மள வேண்டாங்காத ஊடு இது ஒண்ணுதான். ஒரு பொம்மைக்காக நீ வேண்டாங்கறயா சாமி?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் அந்த அனிமேயை முதல் பகுதியிலிருந்து திரும்பப் பார்த்தார். இளவரசியைப் பார்க்க அல்ல. அந்த வீரன் எங்காவது முந்தி வருகிறானா என்று பார்க்க. சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒருக்காக்கூட வரலீங்கண்ணி."

"அதை எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லுங்க" என்று அவளுடைய நம்பரைக் கொடுத்தேன்.

மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினார். இறங்கி வந்தபோது காதெல்லாம் சிவந்திருந்தது. கதையில் இன்னும் நிறைய ஓட்டைகளை அவள் எடுத்துக் காட்டினாளாம். நாளைக்கும் பேசுகிறாளாம்.

தையில் சிவன்மலை முருகன் கோயிலில் கல்யாணம் நடந்தது. இப்போது இருவரும் வேறொரு கதை பார்க்கிறார்கள். அதில் எல்லோரும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள், இவர்களும் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. அந்த இளவரசியின் அடுத்த பாகம் வந்துவிட்டதா என்று, தன் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்.