சாவி அக்காவின் வீடுகள்

ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்ததும் கெர்ட்ரூட் முதலில் போவது குளியலறைக்குத்தான். குழாயைத் திறந்துவிட்டு, தரையிலிருக்கும் வடிகாலில் தண்ணீர் நிறைகிற வரைக்கும் நிற்பாள். வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கிற வீட்டில் அந்த வடிகால் காய்ந்துவிடும். காய்ந்தால் அடியிலிருந்து நாற்றம் ஏறும், நாற்றத்தின் பின்னாலேயே கரப்பான்பூச்சி ஏறும். பிறகு ஜன்னல்கள், பிறகு ஏர்கோன், கடைசியாக அலமாரிக் கதவுகள். ஜொகூர் ஈரத்தில், மூடிய அலமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலமே போதும். எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்த கோப்பியைக் குடிப்பாள்.

"கொஞ்ச நேரம் மனுச வாசம் படணும்லா," என்று கணவர் அமலதாஸிடம் சொல்வாள். "இல்லன்னா வீடு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கும்."

"நம்ம வீடும் ஒன்னு இருக்கு. அதுக்கும் எப்பவாச்சும் உன் வாசம் பட்டா நல்லாருக்கும்," என்பார் தொழிற்சாலை பஸ் ஓட்டும் அமலதாஸ்.

ஸ்கூடாய் நெரிசலைத் தாண்டி உள்ளே திரும்பினால் செரி தாசேக் குடியிருப்பு. செம்பனை நின்ற நிலத்தை ஒரே கம்பெனி வாங்கி, நடுவில் ஏரி வெட்டி, ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, வீடுகளையெல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் எழுப்பி, வாசலில் காவலாளிகளை நிறுத்தியிருந்தது. வெளிச்சுவரின் நிறத்தை மாற்றக்கூடாது. முன்பக்கம் துணி காயப்போடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் லாரி நுழையக்கூடாது. ஏரியிலிருந்து கரையேறும் உடும்புகளுக்கு மட்டும்தான் அங்கே எந்தச் சட்டமும் கிடையாது.

வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரில் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளின் சாவிகள் கெர்ட்ரூட்டின் கைப்பையில் இருந்தன. வாடகைக்கு ஆள் பிடிப்பது, வீட்டைக் காட்டுவது, ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவது, காலி செய்துபோனவர்கள் விட்டுப்போன பூனையை என்ன செய்வதென்று யோசிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அங்குள்ள தமிழர்களுக்கு அவள் சாவி அக்கா. லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் வளர்ந்து, ஜொகூர் பாருவில் ஒரு வீட்டு முகவர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். ஒரு வீட்டுக்காரர், "நீயே பார்த்துக்கொள்ளேன்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். அந்தச் சாவி அடுத்த சாவியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

இந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது, ஒரு வீட்டுக்குள் யாரும் சும்மா நுழைவதில்லை என்பதுதான். சீனர்கள் அன்னாசிப்பழத்தை வாசலில் உருட்டிவிட்டு வருவார்கள். மலாய்க்காரர்கள் ஓதி, சாப்பாடு போடுவார்கள். இந்துக்கள் பால் காய்ச்சுவார்கள். முதல்முறை ஒரு குடும்பம் பால் காய்ச்ச வந்தபோது, பித்தளைப் பானையை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்தார்கள். அடுப்பு கூவியதே தவிரச் சுடவில்லை. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஐயர் கடிகாரத்தையும் கெர்ட்ரூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். காவலாளிகள் மெகி நூடுல்ஸ் சமைக்கும் சின்ன கேஸ் அடுப்பை அவள் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் பால் பொங்கியது. அன்றிலிருந்து அவள் கார் பூட்டில் ஒரு கேஸ் அடுப்பு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அவள் வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவள். அடுத்தவர் சடங்கைக் கேலி செய்யமாட்டாள், தனக்கென்று எடுத்துக்கொள்ளவும் மாட்டாள்.

ஹேமநாதனும் மலரும் அந்த அடுப்பில் பால் காய்ச்சிக் குடிவந்தவர்கள்தான். ஹேமநாதனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். மலர் பாலர் பள்ளி ஆசிரியை. இரண்டு முறை கரு தங்காமல் போன பிறகு, இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். மாடி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சமையலறையை ஒட்டிய கீழறையில் கட்டிலைப் போட்டுக்கொடுத்தவளே கெர்ட்ரூட்தான். ரெங்கம் ஊரிலிருந்து மலரின் அம்மா செல்லம் ஒரு பெட்டியோடு வந்து, மகளின் காலடியில் பாயை விரித்துக்கொண்டார்.

அப்போதுதான் வீட்டுக்காரி மிஸஸ் கோவிடமிருந்து செய்தி வந்தது. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வீடு அவனுக்கு வேண்டும். சமையலறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கப் போகிறார்கள். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம்.

கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. ஆனாலும் கெர்ட்ரூட் சரியென்று பதில் போடவில்லை. இந்த நிலையில் மலரைக் கட்டிலோடு பெயர்த்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

"ஓனர்கிட்ட விசயத்த சொல்லிடலாமா ஆண்ட்டி?" என்று மலர் கேட்டாள்.

"வேணாம்மா. நான் பார்த்துக்கறேன்."

கல்யாணமான புதிதில், ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறையில் கெர்ட்ரூட் குடியிருந்தாள். வயிறு வெளியே தெரிந்ததும் வீட்டுக்காரர் படியேறி வந்து, பிள்ளை அழுதால் கீழே வியாபாரம் கெடும், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். எட்டாம் மாதத்தில், சாமான் லாரியின் முன்சீட்டில், மடியில் ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு அவள் வீடு மாறினாள். வழியிலேயே வலி எடுத்தது. பிறந்த ஜெரால்டின் ஒரு ரொட்டி அளவுதான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலால் அவள் பாதத்தைத் தொட மட்டும் கெர்ட்ரூட்டை விட்டார்கள். இப்போது ஜெரால்டின் சிங்கப்பூரில் மருத்துவமனைத் தாதி, அம்மாவைவிட உயரம், அம்மாவைவிட வாய். ஆனாலும் அன்று படித்த பாடம் கெர்ட்ரூட்டுக்கு மறக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் வீட்டுக்காரர் கதவைத்தான் காட்டுவார்.

அதனால் அவள் மற்ற எல்லாக் காரணங்களையும் சொன்னாள். இடிப்பதற்கு நிர்வாகத்திடம் அனுமதி வாங்க நாளாகும் என்றாள். சாமான் லாரிக்கு முறை கிடைக்கவில்லை என்றாள். வேறு வீடு தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் மேடம், கிடைக்கவில்லை என்றாள். மிஸஸ் கோ ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, "ஓகே கெர்ட்டி" என்று பதில் போட்டார். கடைசியில் ஒரு நாள், சனிக்கிழமை காண்ட்ராக்டரோடு வந்து சுவரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலையில் கெர்ட்ரூட் வந்து மருந்து அட்டைகளை எடுத்து மறைத்தாள். ஸ்கேன் படத்தைக் குளிர்பெட்டியிலிருந்து கழற்றினாள். ஹேமநாதனுக்கு அன்றும் வேலை இருந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு.

"மலருக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன். நீங்க ரெண்டு பேரும் கதவ சாத்திட்டு உள்ளயே இருங்க, செல்லக்கா. சத்தம் வேணாம்."

"என் மக என்ன கள்ளத்தனமா சுமக்கறா, ஒளிச்சு வெக்க?" என்றார் செல்லம். "தாலி கட்டின புருசன் இருக்கான். வாடகை ஒழுங்கா போவுது."

"ஒரு மணி நேரம்தான்க்கா."

"சரி, இருக்கறேன். ஆனா ஒன்னு. மாசமா இருக்கற வீட்ல ஆணி அடிக்கக்கூடாது, செவுத்தத் தட்டக்கூடாது. அந்தக் காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி வை."

"எங்க வேதக்காரங்க பக்கம் அதெல்லாம் பார்க்கமாட்டோம்க்கா. அவங்க சீனவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்? பார்த்துட்டுப் போய்டுவாங்க."

அன்னாசிப்பழம் தெரியும், நான்காம் எண் ஆகாதென்று தெரியும், கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கக்கூடாதென்று தெரியும். சீனர் வீட்டுச் சங்கதி எல்லாம் தனக்கு அத்துப்படி என்றுதான் கெர்ட்ரூட் நினைத்திருந்தாள்.

மிஸஸ் கோ குட்டையான பெண்மணி. பூப்போட்ட சட்டை, நரையைச் சாயமடிக்காத குட்டை முடி. வழக்கம்போல ஒரு பை நிறைய பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் இருவரும் பேசிக்கொள்வார்கள். "மலருக்குக் காய்ச்சலா? ஐயோ பாவம், தூங்கட்டும்," என்று குரலைத் தணித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். காண்ட்ராக்டர் ஆ கியோங் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டைலுக்குப் பின்னால் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்க்க வேண்டும் என்றார். கெர்ட்ரூட் வாயைத் திறப்பதற்குள் இடுப்பிலிருந்த சுத்தியலை உருவி ஒரு போடு போட்டார். டைலின் மூலை உடைந்து விழுந்தது.

கீழறைக் கதவு படாரென்று திறந்தது. செல்லம் நின்றார்.

"ஜாங்கான் கெத்தோக். அனாக் சாயா மெங்ஙாண்டுங்," என்றார் மலாயில். தட்டாதே, என் மகள் சுமக்கிறாள். பிறகு தமிழில், "கைய முறிச்சிடுவேன்."

அவர் முதுகுக்குப் பின்னால், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நைட்டியில் மலர் எழுந்து நின்றாள். ஏழு மாத வயிற்றைக் காய்ச்சல் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

கெர்ட்ரூட் மிஸஸ் கோவின் முகத்தைப் பார்க்கவில்லை. உடைந்த டைல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

மிஸஸ் கோ ஆ கியோங்கின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார். அந்த வயதில் அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஹொக்கியன் சீனத்தில் அவரைப் பொரிந்து தள்ளினார். ஆ கியோங், நான் என்ன கண்டேன், யாரும் சொல்லவில்லையே என்று கெர்ட்ரூட்டைக் கை காட்டினார். அவர் முகமும் வெளுத்திருந்தது. சுத்தியலைத் திரும்ப வாங்காமலே தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"எங்க ஆளுங்களும் அடிக்கமாட்டாங்க," என்று மிஸஸ் கோ செல்லத்திடம் மலாயில் சொன்னார். "வயித்துல பிள்ளை இருக்கற வீட்டுல ஆணிகூட அடிக்கமாட்டாங்க. கட்டில நகர்த்தமாட்டாங்க. பிள்ளைக்கு ஆகாது."

"நாங்களும் அப்படித்தான்," என்றார் செல்லம்.

"உங்களுக்கும் அப்படியா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே நேரத்தில் மலர் பக்கம் திரும்பி, உட்காரச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் கெர்ட்ரூட்டுக்கு வேலையே இல்லை. செல்லம் உப்பும் மிளகாயும் எடுத்து மகளைச் சுற்றிப் போட்டார். மிஸஸ் கோ கைப்பையைக் கிளறி பெருநாளுக்குப் பணம் வைத்துக்கொடுக்கும் அங்பாவ் உறை ஒன்றை எடுத்து, அந்தச் சிவப்புத் தாளைக் கிழித்து, உடைந்த டைலின் மேல் ஒட்டினார். ஒட்டும்போது எதையோ முணுமுணுத்தார். கெர்ட்ரூட் சிலுவை போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கம் பார்ப்பதில்லை என்று காலையில் சொன்னது அவளுக்கே ஞாபகம் வரவில்லை.

"துடிக்குதா?" என்று கேட்டாள் மலரிடம்.

"உதைக்குது ஆண்ட்டி. சத்தத்துல முழிச்சிக்கிச்சு."

மிஸஸ் கோ நாற்காலியை இழுத்துக் கெர்ட்ரூட்டின் எதிரில் உட்கார்ந்தார்.

"லாரின்னு சொன்ன. பெர்மிட்டுன்னு சொன்ன. இத ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே காலி பண்ணச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன் மேடம்."

"இத்தனை வருசமா என் வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்கு, கெர்ட்டி. என்ன அப்படியா நினைச்ச?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கெர்ட்ரூட் ஸ்கூடாய் மேல்மாடி அறையைப் பற்றிச் சொன்னாள். லாரியைச் சொன்னாள். ரைஸ் குக்கரைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது. மலருக்கும் இது புதுக்கதை. படுக்கச் சொல்லியும் படுக்காமல், கதவோரம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மிஸஸ் கோ பிஸ்கட் பையைப் பிரித்து, ஒன்றை எடுத்துக் கெர்ட்ரூட்டின் கையில் வைத்தார். பிறகு தோட்டத்துக் கதவோரம் போய் மகனுக்குப் போன் அடித்தார். மறுமுனைக் குரல் ஏறுவது இங்கே வரைக்கும் கேட்டது. கல்யாணம், பெண் வீடு, இடிக்கிறவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்று அவன் ஆங்கிலத்தில் அடுக்கினான். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஹொக்கியனில் இரண்டு வாக்கியம் சொல்லி வைத்துவிட்டார்.

"என்ன சொன்னீங்க மேடம்?"

"நாளைக்கு உன் பெண்டாட்டி இதே அறையில படுத்திருப்பா, அப்ப யாராச்சும் சுத்தியல் தூக்கட்டுமான்னு கேட்டேன். இப்ப கோவமாத்தான் இருக்கான். கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச நாள் என் வீட்ல இருக்கட்டும். மாமியாரோட இருந்து பார்த்தாத்தான் அந்தப் பொண்ணுக்குத் தனி வீட்டோட அருமை தெரியும்."

செல்லம் முதன்முறையாகச் சிரித்தார். கோப்பி கலக்க அடுப்புப் பக்கம் போனார்.

"அப்ப ஒப்பந்தத்த நீட்டணும் மேடம்," என்றாள் கெர்ட்ரூட். தொழில் வார்த்தை வாயில் வந்ததும்தான் அவள் குரல் நிலைக்கு வந்தது. "எந்தத் தேதி வரைக்கும்னு எழுதறது?"

"பிள்ளைக்கு ஒரு மாசம் நிறைஞ்சு, எங்க வழக்கப்படி சிவப்பு முட்டை சாப்பிட்டுட்டுத்தான் நான் சாவிய வாங்குவேன்."

"அப்படி எழுத முடியாது. தேதி போடணும்."

"தேதிய என்கிட்ட கேட்டா?" மிஸஸ் கோ மலரின் வயிற்றைக் காட்டினார். "உள்ள இருக்கற ஆள்கிட்ட கேளு."

மலர் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். "ஆண்ட்டி கேட்கறாங்க பாரு," என்றாள் தணிந்த குரலில். கோப்பி கலக்கிய செல்லமும் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். சற்றுப் பொறுத்து நைட்டித் துணியில் ஒரு மேடு எழும்பி, நகர்ந்து, அடங்கியது. மலர் கெர்ட்ரூட்டின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டாள். கெர்ட்ரூட் கையை எடுக்காமல், அடுத்த உதைக்காகக் காத்திருந்தாள்.