ஒரே பந்து, இரண்டு பேர்: திகனையில் மூன்று நாள் கோல்ஃப்

இந்தப் பயணத்தைப் போன வருடமே யோசித்து வைத்திருந்தேன். அப்போது காரணம் எளிமையானது. என் ஸ்விங், அதாவது மட்டை வீச்சு, சரியில்லை. வேலை விஷயமாக ஒரு வாடிக்கையாளர் என்னைக் கொழும்பில் பந்து அடித்துப் பழகும் இடமொன்றுக்குக் கூட்டிப்போனார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் நானாகவே போனேன். நான் அடிக்கும் பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் மனம் மாறி வலப்பக்கம் வளையும். மாதக்கணக்காக அப்படியே. கண்டிக்குப் போய், நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் மூன்று நாள் நின்றால் சரிவரும் என்று நினைத்தேன்.

பிறகு ஜனவரி வந்தது. எங்கள் குழந்தை பதினைந்தாவது வாரத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. யாருடைய தவறும் இல்லை என்று வைத்தியர் இரண்டு முறை சொன்னார். என் மனைவி ஆரணி இரண்டு முறையும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றுக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். தேநீர் ஆறினால் சொரி. காயப்போட்ட உடுப்பு மழையில் நனைந்தால் சொரி. நான் கதவில் இடித்துக்கொண்டால் அதற்கும் சொரி. எதற்காகக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். கேட்க வேண்டாம் என்றால் இன்னொன்று வரும்.

மார்ச்சில் அவளே சொன்னாள். “உங்கட கோல்ஃபுக்குப் போவம். நீங்கள் விளையாடுங்கோ, நான் புத்தகம் வாசிக்கிறன். என்னாலதானே பிந்தினது. சொரி.”

போனோம். அந்தச் சொல் அவளை விட்டுப் போகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஸ்விங் இரண்டாம்பட்சம்.

கோட்டையிலிருந்து காலை ஏழு மணி ரயில். இரண்டாம் வகுப்பு, முற்பதிவு. வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. கடுகண்ணாவைக்கு முன்னால் பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் விரியும். ஒன்பதரை தாண்டிக் கண்டியில் இறங்கினோம். கோல்ஃப் பையோடு பஸ்ஸில் ஏறும் துணிவு எனக்கு இல்லை. ஸ்டேஷன் வாசலில் த்ரீவீலர் பிடித்தோம். குண்டசாலை வழியாகத் திகனைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூவாயிரம் ரூபாய், முக்கால் மணி நேரம்.

ஓட்டுநரைப் பக்கத்தில் நின்றவர்கள் பாரூக் நானா என்று கூப்பிட்டார்கள். பை உள்ளே நீட்டாகக் கிடக்காது. ஆரணியின் மடியைத் தாண்டி அதன் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“இதுக்குள்ள என்ன மகன் ஈக்கி?”

“கோல்ஃப் மட்டை நானா.”

“எத்தின?”

“பதினொண்டு.”

குண்டசாலைச் சந்தி நெரிசலை முறைத்துப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “கிரிக்கெட்ல ஒரு பெட்ட வெச்சிட்டு ஊரே விளையாடுது. ஒரு ஆளுக்குப் பதினொரு பெட்டா? அப்ப பந்து எத்தின?”

“ஒண்டு.”

“பாவம் அந்தப் பந்து,” என்றார்.

ஆரணி சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு கேட்ட சத்தம். உடனே என் பக்கம் திரும்பி, பை என் முழங்காலில் இடிக்கிறதா என்று கேட்டாள். சொரி.

மைதானம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோடு கிடக்கிறது. மேட்டில் நின்றால் மூன்று பக்கமும் தண்ணீர், அதற்கு அப்பால் நக்கிள்ஸ் மலைகள். கண்டியின் குளிரை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே வெயில் நன்றாகவே சுடும். பத்து நிமிட நடையில் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கினோம். காலைச் சாப்பாட்டோடு இரவுக்குப் பன்னிரண்டாயிரம்.

பிற்பகல் முதல் வகுப்பு. ஒரு மணி நேரம், ஐயாயிரம் ரூபாய். பயிற்சியாளர் சிங்களவர், எங்கள் வயதுதான் இருக்கும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசினார். நான் மூன்று பந்து அடித்தேன். அவர் தொலைபேசியில் படம்பிடித்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்.

“பாடசாலையில் கிரிக்கெட் ஆடினீர்களா?”

ஆடினேன் என்றேன்.

“தெரிகிறது. இது கட் ஷொட்.”

இந்த நாட்டில் பிறந்த ஆண்களில் தன்னிடம் வரும் பெரும்பாலானவர்களின் வியாதி இதுவே என்றார். கீழே இருக்கும் வலக்கை முந்திக்கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டுகிறது. கிரிக்கெட்டில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். கோல்ஃபில் பந்து வலப்பக்கக் காட்டுக்குப் போகும். பிறகு என் பிடியைப் பார்த்தார். “கண்டி பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நிற்பதுபோல் பிடிக்கிறீர்கள். இது ஓடாது. விழமாட்டீர்கள்.”

அவர் தந்த பயிற்சி இது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நிற்க வேண்டும். மட்டையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கக்கூடாது. பலமாக அடித்தால் தடுமாறி விழுந்துவிடுவோம். ஆகவே பலமாக அடிக்க முடியாது. முதல் பதினைந்து நிமிடம் அவமானமாக இருந்தது. அதற்குப் பின் ஒரு பந்து நேராகப் போனது. பின்னர் இன்னொன்று.

ஆரணி கதிரையில் புத்தகத்தோடு இருந்தாள். அவர் போய் ஏழாம் நம்பர் மட்டையை அவள் கையில் கொடுத்தார். முதல் வீச்சில் காற்றை அடித்தாள். அவரிடம் சொரி சொன்னாள். இரண்டாவதில் மண்ணைக் கிளறினாள். மண்ணுக்குச் சொன்னாளா எனக்குச் சொன்னாளா தெரியவில்லை. ஐந்தாவது பந்து எழும்பிப் போய் விழுந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஒன்பது குழி விளையாடுவதாக ஏற்பாடு. என் மட்டைகளோடு அவளுக்கும் ஒரு செட் வாடகைக்கு எடுக்க நினைத்தேன். ஒரு சுற்றுலாக் குழு எல்லாவற்றையும் முதலே எடுத்துவிட்டிருந்தது. பயிற்சியாளர் வேறு வழி சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்தால், அது விழுந்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். மாறி மாறி, குழிக்குள் விழும்வரை. எத்தனை அடி ஆனாலும் இருவருக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கை.

“ஒரு வழக்கம் இருக்கிறது,” என்றார். “இந்த ஆட்டத்தில் கூட்டாளியிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. வேண்டுமென்று யாரும் கெடுப்பதில்லை அல்லவா? அதனால்.”

நான் ஆரணியைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்த்திருக்க மாட்டாள்.

பையைச் சுமந்து கூடவே வருபவரைக் கெடி என்பார்கள். எங்களுக்கு வந்தவர் செல்வி. சொந்த இடம் தெல்தோட்டை, கட்டிக்கொடுத்தது இந்தப் பக்கம். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். ஆனாலும் அக்கா, அண்ணே என்றுதான் கூப்பிட்டார். பயிற்சியாளர் சொன்ன வழக்கத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அப்ப நம்ம ஒரு சட்டம் போடுவோங்க. யாரு சொரி சொல்றாங்களோ, அடுத்த பந்து வரைக்கும் அவங்கதான் பேக்கத் தூக்கணும். நானு கைய வீசிக்கிட்டு வாறேன்.”

முதல் அடி என்னுடையது. “நேராத்தான் அண்ணே, தைரியமா அடிங்க,” என்றார் செல்வி. தைரியமாக அடித்தேன். பந்து வலப்பக்கம் வளைந்து ஆளுயர மானாப் புல்லுக்குள் போனது. அடுத்து அங்கிருந்து அடிக்க வேண்டியவள், நேற்றுத்தான் மட்டையைத் தொட்ட ஆரணி.

“சொரி,” என்றேன்.

செல்வி பையை இறக்கி வைத்தார். “அண்ணே. பேக்.”

தூக்கினேன். புல்லை நோக்கி ஏறும்போது எனக்கு ஒன்று புரிந்தது. நம்முடைய தவறு இன்னொருவரின் காலடியில் போய்க் கிடக்கும்போது அந்தச் சொல் தானாக வருகிறது. யோசித்து வருவதில்லை. இத்தனை நாளும் ஆரணியின் சொல்லை நிறுத்த வேண்டிய ஒன்றாக மட்டும் பார்த்திருந்தேன். அது கிளம்பும் இடத்தில் நான் நின்றதே இல்லை.

பந்தைத் தொடாத வீச்சை நாங்கள் கணக்கெடுக்கவில்லை; அவள் நாலாவது முயற்சியில் பந்தை வெளியே எடுத்தாள். அதுவரைக்கும் பை தோளில் இருந்தது.

இரண்டாம் குழியில் அவள் சொன்னாள். பையை அவள் தூக்கினாள். உதவிக்குப் போன என்னைச் செல்வி தடுத்தார். “விடுங்கண்ணே, சட்டம்னா சட்டம்.” மூன்றாம் குழியில் மறுபடி நான். நான்காம் குழியில் ஒரு குரங்கு இறங்கி வந்து பந்தை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறியது. பந்து இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்து ஆடலாம், அபராதம் இல்லை. “அதுகிட்டயும் சொரி எதிர்பார்க்காதீங்க,” என்றார் செல்வி. ஐந்தாம் குழியில் ஆரணி பந்தைத் தவறவிட்டு, “சொ” என்று தொடங்கி, பையைப் பார்த்து, “சொக்லட் ஏதும் இருக்கா?” என்று முடித்தாள். செல்வி குந்தியிருந்து சிரித்தார். அதற்காகப் பையைத் தூக்கச் சொல்லலாமா கூடாதா என்று இருவரும் அடுத்த பந்து வரைக்கும் வாதாடிக்கொண்டே நடந்தார்கள்.

எட்டாம் குழியில் நீர்த்தேக்கத்தின் ஒரு கிளை குறுக்கே வருகிறது. அன்றைய நாளில் நான் அடித்த மிக நல்ல அடி அங்கேதான். இடுப்பு உயரம், அமைதியான கை. பந்து நேராகப் போய்த் தண்ணீருக்கு இந்தப் பக்கம், ஓரமாக, அழகாக நின்றது. இனி அவள் தண்ணீரைத் தாண்ட வேண்டும்.

“அக்கா, பயந்தா தண்ணிக்குள்ள போகும்,” என்றார் செல்வி.

“பயப்படாட்டி?”

“அப்பவும் போகலாங்கக்கா.”

அடித்தாள். பந்து தண்ணீரில் விழுந்தது. சிறிய சத்தம். வட்டங்கள்.

அவள் அசையவில்லை. மட்டை இரண்டு கையிலும் இருந்தது. முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகு மட்டும். வைத்தியரின் அறையில் தலையாட்டியபோதும் நான் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“போயிட்டுது,” என்றாள். பிறகு திரும்பினாள். “இப்ப ஆரின்ர முறை?”

“என்ர.”

“அபராதமா ஒரு அடி கூடுமா?”

“ஓம். ஆனா அது ரெண்டு பேருக்கும்தான்.”

“அப்ப நீங்கள் அடியுங்கோ.”

அடித்தேன். புதுப் பந்து தாண்டியது. எத்தனை அடியில் அந்தக் குழியை முடித்தோம் என்று செல்வி சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதால் காதில் விழவில்லை.

ஒன்பதாம் குழி முடிந்து மரத்தடி வாங்கில் இருந்தோம். செல்வி மட்டைகளைத் துடைக்கப் போயிருந்தார். ஆரணி சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

“நான் ஒரு பேர் வச்சனான்,” என்றாள். “உங்களிட்டச் சொல்லேல்ல.”

“சொல்லும்.”

சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நான் அதைத் திருப்பி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர் என்றேன். ஓம் என்றாள். அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. தண்ணீர்தான் தெரிந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளிடமும் அந்த இடத்திடமும், யாரோ எப்போதோ ஏற்படுத்திய அந்த விசித்திர வழக்கத்திடமும் எனக்கு இருந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பிளேன்டீக்குச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை இன்னொரு வகுப்பு எடுத்து, பிற்பகல் ரயிலில் திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச், ஏப்ரலில் பிற்பகலில் இடியோடு மழை வரும், காலையில் ஆடி முடித்துவிடுங்கள். கண்டிப் பெரஹரா ஊர்வலக் காலத்தில் விடுதி விலை ஏறிவிடும். வாடகை மட்டையைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நேரில் போய்க் கேட்டால் எங்களைப்போல் ஆகும் (அது கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன்). கொலர் உள்ள சேர்ட் கட்டாயம், ஜீன்ஸ் கூடாது. ஒன்பது குழிக்கு இருவருக்கும் கெடியோடு சேர்த்து இருபத்தையாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது; கெடிக்கு மேலதிகமாகக் கையில் கொடுங்கள். முதல் நாளே மைதானத்தில் இறங்காதீர்கள், ஒரு வகுப்பாவது எடுங்கள். கிரிக்கெட் ஆடியிருந்தால் பயிற்சியாளரிடம் மறைக்க வேண்டாம், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். பாதத்தை ஒட்டி வைத்து அரை வீச்சுப் பழகுங்கள். என் பந்துகளில் பாதிக்கு மேல் இப்போது நேராகப் போகின்றன. மற்றவை பழைய ஞாபகத்தில் வளைகின்றன.

இரண்டு பேராகப் போகிறவர்கள் ஒரே பந்தில் ஆடிப் பாருங்கள். எங்களுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். வீட்டில் அந்தச் சொல் இன்னும் சில நாள் கேட்கிறது. முன்புபோல் இல்லை.

வெளியிடுமுன் இதை ஆரணிக்கு வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய எதையும் எடுக்கச் சொல்லவில்லை. எட்டாம் குழி வந்ததும் நிறுத்தினாள்.

“‘பந்து தண்ணீரில் விழுந்தது’ எண்டு மட்டும் எழுதியிருக்கிறியள். அது பாதிக்கு மேல தாண்டித்தான் விழுந்தது. அதையும் போடுங்கோ.”

போடுகிறேன். பாதிக்கு மேல் தாண்டித்தான் விழுந்தது.