திறந்து காட்டாத பை

காவலாளியின் கை என் பைக்குள் மணிக்கட்டு வரை போய்த் துழாவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, குறிப்பேடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கல்மேடையில் பரப்பினார். என்னோடு படித்தவர்கள் பைகளைத் தோளில் மாட்டியபடியே வாயிலைத் தாண்டிப் போனார்கள்.

பெருவின் அந்தீஸ் மலை மாகாணம் ஒன்றில், இன்காக்களுக்கும் முந்திய கோயிலொன்றின் இடிபாடுகளை அகழ மொன்றியலிலிருந்து எங்கள் பல்கலைக்கழக வகுப்பு போயிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். "இடிஞ்ச கட்டடம் பாக்கவெண்டால் ஊரிலயே கிடக்கு. அதுக்கேன் பிள்ளை பெருவுக்குப் போறாய்?" என்று அம்மா சிரித்தார். ஆனாலும் நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடைகளிலெல்லாம் நான் போவதைச் சொல்லி முடித்துவிட்டார்.

அங்கே என்னோடு சல்லடையில் மண் அரித்தவர், கூலி வேலைக்கு வந்த அந்த மலைக் கிராமத்துப் பெண்மணி. மனதுக்குள் அக்கா என்றே அழைத்தேன். மதியம் அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்து எனக்கும் தருவார். என் ஸ்பானிய மொழியைக் கேட்டு, "உன்னைவிட என் ஆடு நன்றாகப் பேசும்" என்பார். அந்த வாரம், அகழ்ந்தெடுத்த சிலையொன்றின் சிறிய சுடுமண் தலை காணாமல் போயிருந்தது. மாலைகளில் வேலையாட்களின் பைகளும் என்னுடையதும் மட்டுமே திறக்கப்பட்டன. நான்காம் நாள்தான் எனக்கு விளங்கியது. என் நிறத்தையும் பின்னலையும் பார்த்த காவலாளி, என்னை அந்த ஊர்க்காரி என்று நினைத்திருக்கிறார்.

கடவுச்சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற அக்காவின் பையை வாங்கினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு இதைத் தொலைபேசியில் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப அந்த மனுசியின்ர பை?"

"அவவின்ரதைப் பாக்கத்தானே வேணும், அம்மா. சாமானைக் காணேல்லையே."

அம்மா சொன்னார்: "எங்கட ஃபக்டரியிலயும் வேலை முடிய என்ர பையைத் திறந்துதான் பாக்கினம். பதினாறு வருசமா." அதுவரை எனக்கு அது தெரியாது.

மறுநாள் யாரும் கேட்காமலே பையைத் திறந்துகொண்டு அக்காவுக்குப் பின்னால் நின்றேன். காவலாளி சிரித்து, என்னைப் போகச் சொன்னார். அடுத்த நாள் மதியம் அக்கா தனியே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பக்கத்தில் போனதும் தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

சுடுமண் தலை பிறகு கிடைத்தது. மாணவர்களாகிய நாங்கள் எண்ணைத் தவறாக எழுதிய பெட்டிக்குள் இருந்தது. வேலையாட்களிடம் அதை ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது மொன்றியலில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். என் பையை யாரும் கேட்பதில்லை. போன வாரம், செயின்ட்-மிஷேல் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அம்மாவிடம் கேட்டேன்: "இண்டைக்கும் பையைத் திறந்து பாத்தவையோ?"

"ஏன்," என்று அம்மா பையை என் பக்கம் நீட்டினார், "நீயும் ஒருக்காப் பாக்கப்போறியோ?"