ஒன்பதரை விரல் ஃபேஷியல்

இன்று காலை ஈப்போவில், அழகுசாதன கவுண்டரில்...

"ஆண்ட்டி, உங்களுக்கு காம்பினேஷன் ஸ்கின்லா!"

கவுண்டர் பெண் என்னைத்தான் சொன்னாள்! எனக்குத் தொண்ணூற்றைந்து வயது. (பாட்டி என்று கூப்பிடாமல் ஆண்ட்டி என்றாளே, அதற்காகவே நாலு டப்பா வாங்கலாம்.)

கிறிஸ்துமசுக்கு மகள் என்னைக் கேமரன் மலைக்குக் கூட்டிப்போகிறாள். அந்தக் காலைக் குளிரில் முகம் வெடிக்குமாம். அதற்குத்தான் இந்தப் படையெடுப்பு.

"மூக்கு, நெத்தியெல்லாம் ஆயிலி. கன்னம் மட்டும் டிரை. ரெண்டுக்கும் வேற வேற போடணும் ஆண்ட்டி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதையே என் அம்மா, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கண்டுபிடித்துவிட்டாள்!

அப்போது எனக்குப் பதினைந்து வயது. சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான் சிப்பாய்கள் லாரியில் வருவார்கள். வயசுப் பெண்கள் கண்ணில் பட்டால் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்கள் திரும்பியதில்லை.

அதனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லா அம்மாக்களும் விடியும் முன் மகள்கள் முகத்தில் சட்டிக்கரி பூசிவிடுவார்கள். அவலட்சணமாக இருந்தால் தப்பிக்கலாம். அதுதான் எங்கள் மார்னிங் ரொட்டீன்!

மற்ற பெண்களுக்குக் கரி அழகாக ஒட்டியது. (அவலட்சணமாக என்று படிக்கவும்.) எனக்கு மட்டும் மூக்கில் ஒட்டும், கன்னத்தில் உதிரும். மழை மாதத்துக் குளிரில் கன்னம் செதில் செதிலாக உரிந்து, கரியும் கூடவே விழுந்துவிடும்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இவ மூக்குல வடியுற எண்ணெயில அப்பளம் பொரிக்கலாம். கன்னம் என்னடான்னா காஞ்ச கருவாடு!"

அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள். மூக்குக்கும் நெற்றிக்கும் வெறும் கரி. கன்னத்துக்குச் செம்பனை எண்ணெயில் குழைத்த கரி. எண்ணெய்க்கே திண்டாட்டம், ஆனாலும் தினம் ஒரு சொட்டு என் கன்னத்துக்கு!

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு நாள் அதைக் கழுவிவிட்டேன்!

காரணம் சூசை. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைவீட்டில் அவருக்கு வேலை. ரப்பர் பால் வாளியோடு அந்தப் பக்கம் தினமும் போவேன். ஒரு நாளாவது என் சொந்த முகத்தை அவர் பார்க்க வேண்டும் என்று ஆசை. (அந்த வயசு அப்படி. திட்டாதீர்கள்.)

கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு ஓடிய காலம். காலைப் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்க நிற்கும்போது கும்மிருட்டாக இருக்கும். போகிற வழியில் தண்ணீர்த் தொட்டியில் கன்னத்தைத் தேய்த்துக் கழுவினேன். அம்மாவுக்குத் தெரியவில்லை.

வெளிச்சம் வந்தது. கூடவே லாரியும் வந்தது.

பக்கத்தில் இருந்த புகைவீட்டுக்குள் ஓடினேன். சூசை அடுப்பில் கரி வாரிக்கொண்டிருந்தார்.

"ஏய், மொகத்துல கரி எங்க?"

"கழுவிட்டேன்."

"பைத்தியமா ஒனக்கு? எதுக்கு கழுவுன?"

நீங்கள் பார்க்கத்தான் என்றா சொல்வது?

வெளியே பூட்ஸ் சத்தம். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கரிக்கைகள் இரண்டையும் என் கன்னங்களில் அழுத்தி எடுத்தார். தேய்த்துவிட நேரமில்லை.

"இருமு," என்றார்.

சிப்பாய் வாசலில் வந்து நின்றான். நான் குடல் வெளியே வருகிற மாதிரி இருமினேன். புகைக்குள் ஒரு கரிமூஞ்சி எச்சில் தெறிக்க இருமுவதைப் பார்த்தவன், மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போய்விட்டான். லாரி அன்று எங்கள் கோழிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.



அப்பாடா என்று வெளியே வந்தால் அம்மா நிற்கிறாள்!

பட்டப்பகல் வெளிச்சம். என் இரண்டு கன்னத்திலும் அச்சடித்த மாதிரி கைவிரல்கள். அம்மா எண்ணினாள். வலது கன்னத்தில் நாலரை, இடது கன்னத்தில் ஐந்து.

சூசைக்கு இடது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. ஷீட் அழுத்தும் மிஷினில் போனது. தோட்டத்தில் ஒன்பதரை விரல் உள்ள ஒரே ஆள் அவர்தான்!

"யாரு கைடி இது?" என்று அம்மா கேட்கவே இல்லை. நேராகப் புகைவீட்டுக்குப் போனாள்.

"தம்பி, எம்மக மூஞ்சில கைய வச்சது நீதானே?"

"ஆமாங்க... லாரி வந்துச்சு... அதான்..."

"அது தெரியும். லயமே பாத்திருச்சு. இனிமே வேற எவன் வந்து கட்டுவான்? ஒன்னோட ஆத்தா அப்பன வந்து பேசச் சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். (சந்தோஷம் தாங்கவில்லை, மறைக்கக் கரியும் போதவில்லை!)

அடுத்த மாதமே கோயிலில் கல்யாணம். விருந்துக்கு மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் போகிற வரைக்கும் என் கன்னத்துக்கு எண்ணெய்க்கரி பூசுகிற வேலை அவருடையதாகிவிட்டது. ஒரு நாள்கூட விட்டதில்லை.

அவர் போய்ப் பதினொரு வருடமாகிறது.

இன்று அந்தக் கவுண்டர் பெண், "ட்ரை பண்ணிப் பாருங்க ஆண்ட்டி," என்று இரண்டு கையாலும் என் கன்னத்தில் க்ரீமை வைத்து அழுத்தினாள். சட்டென்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எரியுதா ஆண்ட்டி?"

"இல்லம்மா. நல்லாருக்கு."

"இதுக்கு முன்னாடி ஃபேஷியல் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணியிருக்கேன். பண்ணுனவரையே கட்டிக்கிட்டேன்லா!"