பிளாக் பெல்ட்டுக்கு நான் போட்ட அட்டவணை

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று ஒரு மாத காலம் சிலர் நம்பினார்கள். நம்பியவர்களில் முதல் ஆள் நான். தெரிந்த சொற்கள் மொத்தம் முப்பது இருக்கும். அத்தனையும் குத்து, உதை, தடுப்பு. ஜப்பானில் யாரிடமாவது தண்ணீர் கேட்க வேண்டி வந்தால், அவரை அடிக்க மட்டுமே என்னால் முடியும்.

நாற்பத்தொன்பது வயதில், டாக்டர் நடக்கச் சொன்னதை மீறிக் கராத்தேவில் சேர்ந்தேன். கோவில்பட்டியில் காலையில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் நின்று, "என்ன, சுகரா?" என்று கேட்பார்கள். கராத்தே கிளாஸில் யாரும் கேட்பதில்லை. கேட்க மூச்சு இருக்காது. ஒரு பருத்திக் கமிஷன் கடையின் குடோனில், காலை ஐந்தரைக்குப் பெரியவர்கள் பேட்ச். எட்டுப் பேர். ஒன்றரை வருடத்தில் மஞ்சள் பெல்ட் வரை வந்திருந்தேன். அதற்கு மேல் போக இடுப்பு சம்மதிக்கவில்லை.

எங்கள் பேட்ச்சிலேயே சரியாகக் கராத்தே செய்கிறவர் ஒருவர்தான். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். ஆபீஸ் என்றால் எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று பொருள். அவர் பேக்கிங் பிரிவு. ஆறு வருடம் முன்பு மகளைக் கொண்டுவிட வந்தவர். மகள் நின்றுவிட்டாள், அம்மா நிற்கவில்லை. இப்போது பிரவுன் பெல்ட். ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தர ஆள் தேடினார்கள். ஜூன் மாதம் பிளாக் பெல்ட் சர்டிபிகேட்டோடு வந்தால் வேலை அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. டெஸ்ட் மே மாதக் கடைசியில். அதை விட்டால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மாஸ்டர் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து புது மாஸ்டர் வந்தார். அவர் வேறு பாணி. முதல் நாள் "சோட்டோ உகே" என்றார். எட்டுக் கைகள் வெளியிலிருந்து உள்ளே வந்தன. அவர் கை மட்டும் உள்ளேயிருந்து வெளியே போயிற்று.

"என்ன இது, எல்லாரும் தலைகீழாச் செய்யுதீங்க?"

எங்களில் ஒருவர் கடலைமிட்டாய்க் கடைக்காரர். "நாலு வருசமா இப்படித்தான் மாஸ்டர் தடுக்கோம். இதுவரைக்கும் யாரும் அடிச்சதில்ல" என்றார்.

சோட்டோ என்றால் வெளி, உகே என்றால் தடுப்பு. கை வெளியிலிருந்து வருவதால் பழைய பாணியில் அந்தப் பெயர்; வெளியே போவதால் புதிய பாணியில் அதே பெயர். நம் பஸ் ஸ்டாண்டில், "திருநெல்வேலி வண்டி வந்துட்டா?" என்று கேட்கிறவர் அங்கே போகிறவரா, அங்கிருந்து வரும் மச்சானுக்காகக் காத்திருப்பவரா என்று கையில் பை இருக்கிறதா பார்த்துத்தானே சொல்ல முடியும்? ஜப்பானியர்களும் நம்மைப் போலத்தான் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

நிம்மதியோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் ஒரு கல்லூரியில் நூலகர். இரண்டு பொருள்கள் வரிசையில்லாமல் கிடந்தால் கை நமநமவென்று இருக்கும். நாலு நாள் உட்கார்ந்து, செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து ஓர் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதுப் பெயர். லேமினேட் செய்து குடோன் தூணில் மாட்டினேன். லேமினேட் செய்துவிட்டால் எந்தத் தப்புக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

தப்பு கட்டாவில் இருந்தது. கட்டா என்பது எதிரி இல்லாமல் காற்றோடு போடும் சண்டை. அடி வரிசை மாறாது. பழைய பாணியில் ஹெய்யான் என்று ஐந்து கட்டா, புதிய பாணியில் பின்னான் என்று ஐந்து. சோடான் முதலாவது, நிடான் இரண்டாவது. எண்ணிக்கையில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது என்று முதலாவதுக்கு நேரே முதலாவதை எழுதிவிட்டேன். இதற்கு மட்டும் வீடியோகூடப் பார்க்கவில்லை. பழைய பாணிக்காரர்கள் எப்போதோ, இரண்டாவது கட்டா புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சுலபம் என்று அதை முதலாவதாக ஆக்கி, முதலாவதை இரண்டாவது ஆக்கியிருக்கிறார்கள். புதிய பாணிக்காரர்கள் பெயரை மாற்றாமல், இரண்டாவதையே முதலில் சொல்லித் தருகிறார்கள். இந்த நியாயமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மே தொடக்கத்தில் மாஸ்டர் அந்தப் பெண்ணுக்கு ஒரு முன்னோட்டம் வைத்தார். "பின்னான் சோடான்" என்றார். அந்தப் பெண் "ஓஸ்" என்று குனிந்து வணங்கிவிட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்து முடித்தார்.

"நான் கேட்டது மொதலாவது. நீங்க செஞ்சது ரெண்டாவது. யாரு இப்படிச் சொன்னா?"

 நான்தான் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, மஞ்சள் பெல்ட்டு பிரவுன் பெல்ட்டுக்குப் பாடம் எடுக்குதா?" என்ற மாஸ்டர், அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இந்தத் தடவ வேண்டாம். அடுத்த டெஸ்ட்ல பாத்துக்கிடுவோம்."

"அதுவரைக்கும் ஸ்கூல்ல காத்திருக்க மாட்டாங்க மாஸ்டர். இதுலதான் நிக்கப் போறேன்."

"பேரெல்லாம் குழம்பிக் கிடக்கே?"

"பேரு மூணு வாரத்துல வந்துரும். கை ஆறு வருசமா இருக்கு."

 மாஸ்டர் சரியென்று தலையசைத்தார்.

கிளாஸ் முடிந்ததும் அட்டவணையைக் கழற்றிக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேட் செய்தது கிழியவில்லை. மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். "நாளையிலிருந்து அஞ்சு மணிக்கே வாரேன். பேரை மாத்தி மாத்திக் கூப்பிடுதேன், நீங்க செய்யுங்க."

"எழுதிக் கொண்டாராதீங்க" என்றார்.

இருபது நாள். ஒரு நாளும் தவறவில்லை. எனக்கு அது பழக்கமே இல்லை. சொந்தக் கல்யாணத்துக்கே முகூர்த்தம் தவறப் பார்த்தவன். வீட்டில் குளிக்கும்போது பெயர்களைக் கத்திப் பழகினேன். "யாரைத் திட்டுதீங்க?" என்று மனைவி கதவைத் தட்டினாள். கரிசல் காட்டு மே மாதத்தில் ஐந்து மணிக்கே தகரக் கூரை முந்தின நாள் வெயிலை இன்னும் விடாமல் வைத்திருக்கும். நான் நின்றுகொண்டு கூப்பிடுவேன், எனக்குத்தான் வியர்க்கும். அவர் செய்வார். ஒருநாள் நடுவில் நிறுத்தி, "அண்ணாச்சி, அது பழைய பேரு" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு மேலே தொடர்ந்தேன். ஏழு மணிக்கு ஆபீஸ் வேன் வந்துவிடும். அதற்குள் உடை மாற்றிக்கொண்டு ஓடுவார்.

டெஸ்ட் ஒரு கல்யாண மண்டபத்தில். மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெயர் சொன்னார். சுவரோரம் சம்மணம் போட்டு நான், உதட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. முதல் கட்டா முதலாவதாகவும் இரண்டாவது இரண்டாவதாகவும் வந்தன. கடைசியாகத் தேர்வாளர், "யோகோ உகே" என்றார்.

அது பழைய பெயர் இல்லை. புதுப் பெயரும் இல்லை. அவர் மூன்றாவது பாணி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கராத்தேவில் கேள்வி கேட்கும் வழக்கமில்லை. எதற்கும் "ஓஸ்" என்று சொல்லி, தெரிந்ததைச் செய்துவிட வேண்டும்.  அந்தப் பெண் குனிந்து வணங்கினார்.

"மாஸ்டர், இந்தப் பேரு எங்க கிளாஸ்ல இல்ல. ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

எங்கள் மாஸ்டர் கூரை மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

"டெஸ்ட்ல கேள்வி கேக்கக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் தேர்வாளர்.

"தெரியும் மாஸ்டர். கேக்காமத் தப்பாச் செஞ்சா பெயிலு. கேட்டுட்டுப் பெயிலாப் போனா போயிட்டுப் போறேன்."

தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். முன்னங்கையை உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை கொண்டுபோனார். எங்கள் புது மாஸ்டரின் சோட்டோ உகேதான். "இதுவா!" என்று அந்தப் பெண் வாய்விட்டே சொல்லிவிட்டார். வலது கையில் பத்து, இடது கையில் பத்து. ஒவ்வொன்றுக்கும் சட்டைக் கை படார் படாரென்று அடித்தது. தேர்வாளர் உட்கார்ந்து எதையோ எழுதினார். சாயங்காலம் பிளாக் பெல்ட் கட்டிவிட்டதும் அவர்தான்.

மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றோம். அந்தப் பெண் பெல்ட்டைக் கழற்றாமலே டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது, மனம் நிறைந்திருந்தது. அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இருபது நாள் கத்தினது வீண் போகலை" என்றேன்.

"பேரெல்லாம் மூணாம் நாளே மனப்பாடம் ஆயிட்டு அண்ணாச்சி" என்றார். "நீங்க ஆசையா வந்து கத்துதீங்க. வீட்ல பேச்சுக்கு ஆள் இல்ல போலன்னு நானும் விட்டுட்டேன்."