பிலோமினா அக்கா அடித்துத் தந்த காற்று

பிலோமினா அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் ஃபோன் எடுத்தாள். "ரவி மாமா, அம்மா விடியப்புறம் போயிட்டா... நித்திரையிலைதான்."

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் மயிலிட்டியில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் இறங்கிய சுழியோடிகளுக்குத் தெரியும். எங்கள் சிலிண்டர்களுக்குக் காற்று அடித்துத் தந்தவர் அவர்தான்.

அவருடைய கணவர் சூசை அண்ணையும் சுழியோடி. அவர் நீர்கொழும்பில் வாங்கி வந்த கம்ப்ரசர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் நின்றது. அதை ஓட்டியது அக்கா.

என்ஜின் புகை ஒரு பக்கம் போக, காற்று இழுக்கிற ஹோஸை மறுபக்கம் தூக்கிக் கட்டியிருப்பார். நிரப்பிய ஒவ்வொரு சிலிண்டரையும் கொஞ்சம் திறந்து மணந்து பார்ப்பார்.

ஒருநாள் நான் அவசரப்படுத்தினேன். "அக்கா, உது காணும். தாங்கோ, போட் வெளிக்கிடுது."

"புகை மணக்குது. உதைக் கொண்டுபோய் அடியிலை செத்துக் கிடக்கப் போறியே?"

முழுவதையும் திறந்து விட்டுவிட்டு, முதலிலிருந்து அடித்துத் தந்தார். போட்டில் காத்திருந்தவர்கள் என்னை ஏசினார்கள். அக்காவை ஒருவரும் ஏசவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு. சண்டை நின்றிருந்த அந்தக் கொஞ்ச மாதங்கள்... கடல் திறந்திருந்தது. சங்கும் கடலட்டையும் எடுத்துக்கொண்டிருந்த நாங்கள், வெளியே ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய இரும்புக் கப்பலுக்குப் போகத் தொடங்கினோம். பித்தளை கழற்ற.

கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். மேல்தட்டு முழுக்க முருகைக்கல் பிடித்திருந்தது. பெரிய கலவாய் மீன் ஒன்று உடைந்த கதவடியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்று அக்காவின் மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதனால் சூசை அண்ணை கடலுக்கு வரவில்லை. நானும் என்னோடு சுழியோடுகிற கணேசனும் போனோம். திரும்பத் திரும்ப இறங்கினோம்.

கடைசியாக மேலே வந்து போட்டில் ஏறியபோது முதுகில் ஒரு குத்து. கரை தெரிந்த நேரம் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கணேசன் காலில் அடித்துப் பார்த்தான்... சத்தம் மட்டும் கேட்டது.

ஆழத்தில் கனநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டும். அப்படி விழுந்து பிறகு எழும்பாதவர்களை எங்களுக்குத் தெரியும். அதற்கு வைத்தியம் செய்கிற வசதி அப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை.

என்னைத் தூக்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார்கள். முற்றத்தில் பந்தல், சனம், கேக். அக்கா பட்டுச்சேலையோடு ஓடி வந்தார்.

"கால் தெரியுதோ?"

"இல்லை அக்கா."

யாரோ ஆஸ்பத்திரிக்குக் கார் பிடிக்கச் சொன்னார்கள். அக்கா மறித்தார். "பொறுங்கோ. இவனைத் திருப்பித் தண்ணிக்கை இறக்கோணும், ஆழத்துக்குப் போனால்தான் குமிழி கரையும். இப்பவே."

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றான் கணேசன்.

"நீயும் அவனோடை இறங்கினனியெல்லே? நீயும் விழப் போறியே?" பிறகு கணவரைப் பார்த்தார். "இஞ்சருங்கோ... இண்டைக்குக் கடலிலை இறங்காத ஆள் நீங்கள் மட்டும்தான்."

சூசை அண்ணை பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "சனம் வந்திருக்கே, பிலோ."

"சனம் இருந்து சாப்பிடட்டும்."

அவர் புதுச் சேர்ட்டைக் கழற்றினார். அக்கா கொட்டிலுக்குள் போனார்.

ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு, என்னைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சூசை அண்ணை கீழே கொண்டுபோனார். பிறகு நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக மேலே... நிற்பது, ஏறுவது, நிற்பது.

காற்று முடிய முடிய மேலிருந்து கயிற்றில் இன்னொரு சிலிண்டர் இறங்கும். இன்னொரு போட் கரைக்கும் எங்களுக்கும் ஓடியபடி இருந்தது. அந்த அவசரத்திலும் அக்கா ஒவ்வொன்றையும் மணந்து பார்த்துத்தான் அனுப்பினார் என்று கணேசன் பிறகு சொன்னான்.

குளிர். பயம். மாஸ்க்குக்குள் அழுதேன்.

சூசை அண்ணை என் தொடையை நுள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் நொந்தது. கத்தினேன்... குமிழிதான் போனது. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. இன்னும் பலமாக நுள்ளினார்.

(இன்றைக்கு டைவிங் பழகுகிற பிள்ளைகள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். இரண்டு பேருமே செத்திருக்கலாம். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.)

பொழுது படுகிற நேரம் கரைக்கு வந்தோம். அக்காவின் சேலை முழுக்க என்ஜின் எண்ணெய். வெள்ளைச் சட்டையோடு நின்ற மகளுக்குக் கோபம். "நான் கேக் வெட்டேக்கை அம்மா நிக்கேல்லை."

அக்கா என்னைப் பார்த்து, "நட" என்றார்.

இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நடந்தேன். இடது கால் இழுபட்டது. இன்றைக்கும் இழுபடுகிறது. ஆனால் நடந்தேன். அப்போதுதான் அக்கா அழுதார்.

அதே வருஷம் சண்டை மறுபடி தொடங்கியது. ஷெல் விழ விழ ஊரே எழும்பியது. ஆளுக்கொரு திக்கு.

பிறகு ஒருநாள் மருதனார்மடம் சந்தையில் அக்காவைக் கண்டேன். கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். கம்ப்ரசரைப் பற்றிக் கேட்டேன்.

"விட்டிட்டு வந்தனான். ஆனால் ஓடாமல் இருக்க உள்ளுக்கை ஒரு சாமானைக் கழட்டிக் கிணத்துக்கை போட்டிட்டுத்தான் வந்தனான்."

"ஏன் அக்கா?"

"ஆரும் வந்து, மணந்தும் பார்க்காமல் அடிச்சுக்கொண்டு இறங்கினால்?"

ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, நின்று அதைக் கழற்றியிருக்கிறார்.

நாளைக்குப் பின்னேரம் குருநகரில் அடக்கம். சூசை அண்ணையின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று மகள் சொன்னாள். கணேசன் கனடாவிலிருந்து வர ஏலாது. அவனுக்காகவும் ஒரு மாலை கொண்டு போகிறேன்.

சுகமாய்ப் போங்கோ, அக்கா.